செஸ் விளையாடினா உடம்பு இளைக்குமா? – ஒரு பரோட்டாக் கணக்கு

போன ஜனவரியில ரத்தப் பரிசோதனை எடுத்தேன். மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டற ஹெச்பிஏ1சி 6.1. இது 5.7க்குக் கீழே இருந்தா பிரச்சினை இல்லை. 6.5ஐத் தொட்டா சர்க்கரை நோய். நான் நடுவுல, வாசப்படியில நிக்கறேன். எங்கப்பா நாற்பத்தஞ்சு வயசுல அந்த வாசலைத் தாண்டினவர். அதுக்கப்புறம் அவர் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதனால அந்த ஒரு எண் என்னை ரொம்பவே பயமுறுத்திடுச்சு.

டாக்டர் கேட்டார்: "என்ன வேலை?"

"உட்கார்ந்து பார்க்கற வேலைதான் சார். கம்ப்யூட்டர்."

"லீவு நாள்ல?"

"செஸ் டோர்னமென்ட்டுக்குப் போவேன் சார். பொண்ணும் விளையாடறா, நானும் விளையாடுவேன்."

"அதுவும் உட்கார்ந்துதானே?"

அப்போதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "செஸ் விளையாடினா ஒரு நாளைக்கு 6000 கலோரி எரியும்னு சொல்றாங்களே சார்."

அவர் சிரிக்கல. என் வயித்தைப் பார்த்தார். "அப்படின்னா நீங்க இளைச்சிருக்கணுமே?"

பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, இந்த 6000 எங்கேருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடலோட குறிப்புகள்தான் இது. செஸ் ஆடறவங்களுக்கு மட்டும்னு இல்ல. கேரம், சீட்டு, பலகை விளையாட்டுன்னு மேசையைச் சுத்தி மணிக்கணக்கா உட்கார்ற எல்லாருக்கும் இது பொருந்தும்.

ஒரு டோர்னமென்ட் நாள்

முதல்ல இந்த உலகம் தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். எங்க பக்கத்துல ஞாயித்துக்கிழமை ரேபிட் டோர்னமென்ட்னா பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட ஹால், இல்லன்னா கல்யாண மண்டபம். காலைல ஒன்பதுக்குப் போனா பரிசளிப்பு முடிஞ்சு வெளியே வர சாயங்காலம் ஆறு, ஆறரை ஆகும். ஏழு ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டும் முக்கால் மணி நேரம். நடுவுல அடுத்த பேரிங் ஒட்டற வரைக்கும் காத்திருக்கணும்.

அந்தக் காத்திருக்கற நேரத்துலதான் எல்லாம் நடக்கும். வாசல்ல டீக்கடை, பக்கத்துல பேக்கரி. ஜெயிச்சா சந்தோஷத்துல ஒரு பப்ஸ். தோத்தா துக்கத்துல ஒரு சமோசா. டிரா ஆனா ஒரு டீ. பெற்றோர்கள் கதை தனி. பிள்ளை உள்ளே போனதும் அவங்களுக்கு வேற வேலை கிடையாது. பை நிறைய பிஸ்கட், சிப்ஸ், முறுக்கு. ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கிட்டே ரேட்டிங்கைப் பத்திப் பேசிக்கிட்டிருப்போம்.

ஒரு நாளைக் கணக்குப் பண்ணினேன். சர்க்கரை போட்ட டீ நாலு, ஒரு பப்ஸ், ஒரு சமோசா, அரை பாக்கெட் பிஸ்கட், ஒரு கூல்டிரிங்க். ஏறத்தாழ 1200 கலோரி. இது காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேராம. ராத்திரி வீட்டுக்குப் போற வழியில "இவ்வளவு நேரம் மூளையைக் கசக்கியாச்சு"ன்னு மூணு பரோட்டா. அந்தப் பரோட்டாவுக்கு நான் வச்சிருந்த அனுமதிச் சீட்டுதான் அந்த 6000.

6000 எங்கேருந்து வந்தது

இந்த எண்ணைப் பரப்பினது 2019 செப்டம்பர்ல ஈஎஸ்பிஎன் வெளியிட்ட ஒரு கட்டுரை. அசையாம உட்கார்ந்தே கிராண்ட்மாஸ்டர்கள் எப்படி எடை குறையறாங்கங்கறதுதான் அதோட விஷயம். அதுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் சபோல்ஸ்கியோட கருத்தா இந்த 6000 வருது. அவர் சாதாரண ஆள் இல்ல. குரங்கினங்கள்ல மன அழுத்தம் உடம்பை என்ன பண்ணுதுன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினவர். போட்டி நேரத்துல ஆட்டக்காரருக்கு மூச்சு மூணு மடங்கு ஆகுது, ரத்த அழுத்தம் ஏறுது, தசைகள் இறுகுது. இதையெல்லாம் வச்சு, பெரிய டோர்னமென்ட் ஆடற ஒருத்தர் நாளைக்கு 6000 கலோரி வரைக்கும் எரிக்கலாம், அதாவது சாதாரண ஆளைப் போல மூணு மடங்குன்னு அந்தக் கட்டுரை சொல்லுது.

மூச்சு மூணு மடங்கு, கலோரியும் மூணு மடங்கு. 2000 பெருக்கல் 3, சமம் 6000. கணக்கு இப்படித்தான் வந்திருக்கணும்னு என் ஊகம். ஆனா மூச்சு வேகமா வாங்கறதும் ஆற்றல் எரியறதும் ஒண்ணு இல்ல. பயத்துல ஒருத்தருக்கு மூச்சு இரைக்கும். அதுக்காக அவர் மாடிப்படி ஏறினவரா ஆகிட மாட்டார். உள்ளே இழுத்த ஆக்சிஜன்ல உடம்பு எவ்வளவைச் செலவு பண்ணிச்சுங்கறதுதான் கணக்கு. தசை வேலை செய்யலைன்னா அந்தச் செலவு பெருசா ஏறாது.

6000 கலோரின்னா எவ்வளவுன்னு ஒரு ஒப்பீடு. டூர் டி பிரான்ஸ்ல மலைமேல அஞ்சு மணி நேரம் மிதிவண்டி மிதிக்கறவங்க ஒரு நாளைக்குச் செலவு பண்றது ஏறக்குறைய இந்த அளவுதான். குதிரையை நகர்த்தறவனும் மலை ஏறறவனும் ஒண்ணுன்னு நம்ப எனக்கு ஒரு காரணம் இருந்தது. பரோட்டா.

இதயம் துடிச்சா கொழுப்பு கரையுமா?

"இல்லைங்க, அளந்து பார்த்திருக்காங்களே"ன்னு நீங்க கேக்கலாம். ஆமா. 2018ல ஐல் ஆஃப் மேன் தீவுல நடந்த டோர்னமென்ட்ல, போலார் நிறுவனம் ஆட்டக்காரர்களோட இதயத் துடிப்பைக் கருவி மாட்டிக் கண்காணிச்சது. 21 வயசு ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் மிகயில் அன்டிபோவ் ரெண்டு மணி நேர ஆட்டத்துல 560 கலோரி எரிச்சதா வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த மாதிரிக் கருவி கலோரியை நேரா அளக்காது. இதயத் துடிப்பை அளக்கும். அதுலேருந்து ஒரு சூத்திரம் வச்சு கலோரியைக் கணக்குப் பண்ணும். அந்தச் சூத்திரம் ஓட்டம், நடை, மிதிவண்டி மாதிரி உடற்பயிற்சிக்கு ஏத்தது. ஓடும்போது தசை ஆக்சிஜன் கேக்குது, அதைக் கொடுக்கத்தான் இதயம் வேகமாத் துடிக்குது. ரெண்டும் சேர்ந்தே ஏறும். மன அழுத்தத்துல அப்படி இல்ல. அட்ரினலின் சுரந்து இதயம் மட்டும் அடிச்சுக்கும், தசை சும்மா இருக்கும். பரீட்சை ஹால்ல வினாத்தாளைக் கையில வாங்கின நிமிஷத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அதனால யாராவது இளைச்சோமா?

நேரடியா அளந்த ஆய்வும் இருக்கு. 2009ல ஐரோப்பிய உடலியங்கியல் இதழ் ஒண்ணுல வந்தது. 20 ஆண் செஸ் ஆட்டக்காரர்கள். அவங்க விடற மூச்சுக் காற்றையே பரிசோதிச்சாங்க. ஆட்டத்தின்போது சராசரி இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 75லேருந்து 86 ஆச்சு. உடம்பு மாவுச்சத்தை எரிக்கறதைக் குறைச்சு கொழுப்பு எரிக்கற பக்கம் நகர்ந்தது. அழுத்தம் உண்மைதான். ஆனா மூணு மடங்கெல்லாம் கிட்டவே இல்ல.

உடல் உழைப்பு ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ஆற்றல்னு விஞ்ஞானிகள் தொகுத்து வச்சிருக்கற பட்டியல்ல செஸ்ஸுக்கும் ஒரு வரி இருக்கு. உட்கார்ந்து செஸ் ஆடறது: ஓய்வைப் போல 1.5 மடங்கு. சீட்டாட்டத்துக்கும் அதே 1.5தான். என் எடை 82 கிலோ. சும்மா ஓய்வா இருந்தா மணிக்குச் சுமார் 82 கலோரி. செஸ் ஆடினா 123. வித்தியாசம் 41. ஏழு ரவுண்டு சேர்ந்து அஞ்சு மணி நேரம்னு வச்சுக்கிட்டா, கூடுதலா எரிஞ்சது 205 கலோரி.

ஒரு பரோட்டா, சால்னா இல்லாமலே, 250லேருந்து 300. ஒரு நாள் முழுக்க விளையாடியும் நான் ஒரு பரோட்டாவைக்கூட எரிக்கல. மூணு சாப்பிட்டிருக்கேன்.

கார்ப்போவோட பத்து கிலோ

இந்த இடத்துல விஷயம் தெரிஞ்சவங்க ஒரு பெரிய எதிர்வாதம் வைப்பாங்க: "கார்ப்போவ் பத்து கிலோ இளைச்சாரே?"

உலக சாம்பியன் போட்டி, மாஸ்கோ. 1984 செப்டம்பர் 10 அன்னிக்கு அனத்தோலி கார்ப்போவும் காரி காஸ்பரோவும் உட்கார்ந்தாங்க. முதல்ல ஆறு ஆட்டம் ஜெயிக்கறவர் சாம்பியன், டிராவுக்கு மதிப்பில்லைன்னு விதி. 27 ஆட்டம் முடிஞ்சப்போ கார்ப்போவ் 5–0. இன்னும் ஒண்ணே ஒண்ணு போதும். அந்த ஒண்ணு வரவே இல்ல. டிரா மேல டிரா. காஸ்பரோவ் 32ஆவது ஆட்டத்தை ஜெயிச்சார். அப்புறம் 47, 48. 1985 பிப்ரவரி 15 அன்னிக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் காம்போமானெஸ் போட்டியையே முடிவில்லாம நிறுத்தினார். 48 ஆட்டத்துல 40 டிரா. ஏற்கெனவே ஒல்லியா இருந்த கார்ப்போவ் இதுக்குள்ள பத்து கிலோ குறைஞ்சிருந்தார்னு பரவலாச் சொல்றாங்க.

சரி, கணக்குப் போடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்புல சுமார் 7700 கலோரி. பத்து கிலோன்னா 77,000. போட்டி நடந்தது 158 நாள். வகுத்தா ஒரு நாளைக்கு 487 கலோரி பற்றாக்குறை.

487 கலோரின்னா என்ன? நாலு இட்லி, ஒரு வடை, சாம்பார், சட்னி. அவ்வளவுதான். தூக்கம் வராம, பசி எடுக்காம, தினம் ஒரு வேளைச் சாப்பாட்டை ஒதுக்கி வச்சாலே போதும். அஞ்சு மாசத்துல பத்து கிலோ போயிடும். மூளை எதையும் உருக்கத் தேவையில்லை.

இப்போ 6000ஐ வச்சுப் போட்டுப் பாருங்க. 6000 எரிச்சு 2500 சாப்பிட்டிருந்தா, ஒரு ஆட்ட நாளுக்கு 3500 பற்றாக்குறை. ஆடின 48 நாளை மட்டும் எடுத்தாலும் 168,000 கலோரி, கிட்டத்தட்ட 22 கிலோ. 158 நாளும்னா 70 கிலோவுக்கு மேல. கடைசி ஆட்டத்துக்கு நாற்காலியில கோட் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

அதனால கார்ப்போவ் கதையை நான் வேற மாதிரி படிக்கறேன். செஸ் அவரை எரிக்கல. செஸ்ஸால வந்த கவலை அவரைச் சாப்பிட விடல, தூங்க விடல. எனக்கு நேர்மாறு. எனக்குக் கவலை வந்தா கை தானா சமோசா பக்கம் போகும். ஒரே விளையாட்டு, ஒரே மன அழுத்தம். ஒருத்தர் இளைக்கறார், இன்னொருத்தர் பெருக்கறார்.

எரியல, ஆனா பசிக்குது

என் தேடல்ல எனக்கு ரொம்பப் பயன்பட்டது செஸ்ஸே இல்லாத ஒரு ஆய்வு. கனடாவோட லாவல் பல்கலைக்கழகம், 2008. 14 மாணவிகள். மூணு தனித்தனி நாள்ல 45 நிமிஷ வேலை: ஒரு நாள் சும்மா ஓய்வு, ஒரு நாள் ஒரு பாடத்தைப் படிச்சுச் சுருக்கம் எழுதறது, ஒரு நாள் கம்ப்யூட்டர்ல கவனம், ஞாபகச் சோதனைகள். முடிஞ்சதும் எதை எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்கன்னு விருந்து.

மூளை வேலை செஞ்ச நாள்ல கூடுதலா எரிஞ்சது வெறும் 3 கலோரி. ஆனா அவங்க சாப்பிட்டது? ஓய்வு நாளைவிட, சுருக்கம் எழுதின அன்னிக்கு 203 கலோரி கூட. சோதனை எழுதின அன்னிக்கு 253 கலோரி கூட. மூளை வேலையின்போது ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறி இறங்கினதையும், மன அழுத்த ஹார்மோன் கார்ட்டிசால் கூடினதையும் அவங்க பதிவு பண்ணியிருக்காங்க. சின்ன ஆய்வுதான். 14 பேரை வச்சு உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனா படிச்சப்போ என்னையே யாரோ ஜன்னல் வழியாப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

மூளை எப்பவுமே பெரிய செலவாளி. உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா ஓய்வா இருக்கும்போது உடம்பு செலவு பண்ற ஆற்றல்ல 20 சதவீதம் அதுக்குப் போகுது. நீங்க எண்ட்கேம் யோசிச்சாலும் சரி, விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தாலும் சரி, அந்தச் செலவு பெருசா மாறாது. கஷ்டமா யோசிக்கும்போது ஒரு சில சதவீதம் ஏறும், அவ்வளவுதான். அதாவது யோசிச்சதுக்குத் தனிக் கூலி கிடையாது. கூலி கேக்கற பழக்கம் மட்டும் நமக்கு இருக்கு.

இன்னொரு கணக்கும் போட்டேன். மாசம் ரெண்டு டோர்னமென்ட். ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் கலோரி மிகுதி. வருஷத்துக்கு 24,000, அதாவது மூணு கிலோ. மூணு வருஷத்துல ஒன்பது கிலோ. பொண்ணை டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்ச மூணு வருஷத்துல நான் ஏறினது ஒன்பது கிலோதான். இவ்வளவு நேராப் பொருந்தறது தற்செயல். உடம்பு இப்படிக் கூட்டல் கழித்தலாவே வேலை செய்யாது, மத்த நாள்ல நான் உத்தமனும் இல்ல. ஆனாலும் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அப்போ சாம்பியன்கள் ஏன் ஓடறாங்க?

கலோரி எரியலைன்னா உடற்பயிற்சிக்கும் செஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. ஆனா திசை வேற. செஸ் உடம்பை இளைக்க வைக்காது. உடம்பு நல்லா இருந்தா செஸ் கடைசி மணி நேரத்துல நிக்கும்.

2021 துபாய் உலகப் போட்டியோட ஆறாவது ஆட்டம் 136 நகர்வு, ஏழே முக்கால் மணி நேரம். கார்ல்சன் ஜெயிச்சார். அதுவரைக்கும் சமமா ஆடிக்கிட்டிருந்த நெபோம்னியாஷி அதுக்கப்புறம் அவர் தரத்துக்கே வராத தப்புகளைப் பண்ணி மொத்தமாச் சரிஞ்சார். அது உடம்புச் சோர்வா மனச் சோர்வான்னு பிரிக்க முடியாது. பிரிக்கவே முடியாதுங்கறதுதான் என் பாயிண்டும்.

இது சோவியத் ஆட்டக்காரர்களுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். 1948ல சாம்பியனான போட்வின்னிக் தினசரி உடற்பயிற்சியையும் நடையையும் தன் தயாரிப்புல ஒரு பகுதியாவே வச்சிருந்தார். சிகரெட் புகை ஒத்துக்காதுங்கறதால, பயிற்சி ஆட்டத்துல ரகோசினைத் தன் முகத்துல புகை விடச் சொல்லிப் பழகினார்னு ஒரு புகழ்பெற்ற கதையும் உண்டு. 1972 ரெய்க்யவிக்குக்கு முன்னாடி பாபி ஃபிஷர் நீச்சல், டென்னிஸ்னு தயாரானார். நம்ம ஆனந்த், ராத்திரி கனவுல செஸ் வராம இருக்கற அளவுக்கு உடம்பு களைக்கணும்னு ரெண்டு மணி நேரம் கார்டியோ பண்ணுவார்னு அதே ஈஎஸ்பிஎன் கட்டுரையில இருக்கு. கவனிச்சீங்களா? அவர் இளைக்கறதுக்காகப் பண்ணல, தூங்கறதுக்காகப் பண்றார்.

சாப்பாட்டுலயும் அப்படித்தான். கார்ல்சன் ஆட்டத்தின்போது ஆரஞ்சு ஜூஸ் குடிக்கற பழக்கம் வச்சிருந்தார். 2017ல நார்வேயோட ஒலிம்பிக் பயிற்சி மையத்துல ஆலோசனை கேட்டப்போ, ஜூஸை விட்டுட்டு சாதாரணப் பாலும் சாக்லேட் பாலும் கலந்து குடிக்கச் சொன்னாங்க. சர்க்கரை சட்டுனு ஏறி சட்டுனு இறங்கற ஆட்டம் வேண்டாம்னு. நம்ம பிரக்ஞானந்தாவோட அம்மா வெளிநாட்டுப் போட்டிகளுக்கு சமையல் சாமானோட போய் ரசம் சாதம் பண்ணிக் கொடுக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மகனுக்குப் பழகின சாப்பாடு, நேரத்துக்கு. ரெண்டு வீட்டு வைத்தியமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது: போர்டு முன்னாடி வயிறு தன் இருப்பைக் காட்டக் கூடாது.

உடம்பைப் பார்த்து ரேட்டிங் சொல்ல முடியுமா?

செஸ் ஆடறவன்னா ஒல்லியா, கண்ணாடி போட்டு இருப்பான்னு ஒரு பிம்பம் இருக்கு. 1974ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி விளையாட்டு ஆடறவங்களைப் பத்தி அமெரிக்காவுல நேர் எதிரான பிம்பம்: குண்டா, பீட்சாவும் சோடாவுமா அடித்தள அறையில உட்கார்ந்திருப்பான். ரெண்டுமே மேசையைச் சுத்தி உட்கார்ந்து யோசிக்கற விளையாட்டுதான். அப்போ எந்தப் பிம்பம் சரி?

எங்க ஹாலைச் சுத்திப் பாருங்க. ரெண்டுமே இருக்கு. எட்டு வயசுல கால் தரையில எட்டாத பையன், தொப்பையை மேசைக்கு அடியில மறைக்கற என்னை மாதிரி நாற்பதுகள், மாரத்தான் ஓடற கல்லூரிப் பொண்ணு, எழுபது தாண்டின ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரைப் போன வருஷம் ரெண்டு தடவை சந்திச்சேன், ரெண்டு தடவையும் தோத்தேன். ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் அவர் கிரவுண்டை ரெண்டு சுத்து நடப்பார். எவர்சில்வர் டப்பாவுல சுண்டல் கொண்டு வருவார். "என்ன சார், டீ கூட வேண்டாமா?"ன்னு கேட்டேன். "ஆறாவது ரவுண்டுல நீங்க கொட்டாவி விடுவீங்க தம்பி, நான் விட மாட்டேன்"னார். விடல.

ஆனா உடம்பு சரியா இருந்தாதான் திறமை வரும்னு சொன்னா அது பொய். மிகயில் தால் 1960ல 23 வயசுல உலக சாம்பியன். வாழ்நாள் முழுக்கச் சிறுநீரக நோய், ஓயாத சிகரெட், குடி. 1969ல ஒரு சிறுநீரகத்தையே எடுத்தாங்க. அதுக்கப்புறமும் 1973–74ல தொடர்ந்து 95 ஆட்டம் தோக்காம ஆடினார். நோயாளி உடம்புக்குள்ளேருந்து மேதைமை வரும். ஆனா 1992ல, 55 வயசுல, அவர் போயிட்டார்.

நீண்ட காலக் கணக்குக்கு இன்னொரு ஆய்வு இருக்கு. 2018ல வெளியானது. 28 நாடுகளைச் சேர்ந்த 1,208 கிராண்ட்மாஸ்டர்களையும் 15,157 ஒலிம்பிக் பதக்கக்காரர்களையும் ஒப்பிட்டாங்க. ரெண்டு கூட்டமும் பொதுமக்களைவிட அதிக காலம் வாழ்ந்தாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. "பார்த்தியா, செஸ் ஆயுளைக் கூட்டுது"ன்னு நான் உடனே குதிச்சிருப்பேன், பழைய ஆளா இருந்தா. ஆனா இது உச்சிக்குப் போனவங்களோட கணக்கு. படிப்பு, வருமானம், அதோட உடம்பைப் பார்த்துக்கணும்ங்கற எண்ணமும் அவங்ககிட்ட அதிகமா இருந்திருக்கலாம். செஸ்தான் காரணம்னு இந்த ஆய்வு நிரூபிக்கல. ஞாயித்துக்கிழமை ரேபிட்ல ஏழுக்கு மூணரை எடுக்கற எனக்கு இதுல பங்கு கிடையாது.

ரவுண்டுக்கு ஒரு சாக்லேட்

கடைசியா, பெற்றோர்களுக்கு ஒரு விஷயம். எங்க வட்டாரத்துல ஒரு நம்பிக்கை உண்டு: "மூளைக்கு சர்க்கரை வேணும்ங்க, ஒரு ரவுண்டுக்கு ஒரு சாக்லேட் கொடுங்க." நானும் கொடுத்தேன்.

மூளை குளுகோஸைத்தான் முக்கியமா எரிக்குது, உண்மை. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம். ஆனா அதை வாய் வழியா மணிக்கு ஒரு தடவை ஊத்த வேண்டியதில்லை. காலைல சாப்பிட்ட இட்லிலேருந்தும், கல்லீரல்ல சேர்த்து வச்ச இருப்புலேருந்தும் உடம்பே அளந்து அளந்து கொடுத்துக்கிட்டிருக்கும். குழந்தைகளுக்கு மூளையோட பங்கு பெரியவங்களைவிட அதிகம், இருப்பு கம்மி. அதனால அவங்க பசியோட இருக்கக் கூடாது. பசிக்குச் சாப்பாடு கொடுக்கறது வேற, தோல்விக்கும் வெற்றிக்கும் இனிப்பு கொடுக்கறது வேற. நான் என் பொண்ணுக்குக் கத்துக்கொடுத்துக்கிட்டிருந்தது ரெண்டாவதைத்தான்னு எனக்கு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது. எங்கப்பா எனக்குக் கத்துக்கொடுத்ததும் அதுதான். ஜெயிச்சா ஜிலேபி, தோத்தாலும் ஜிலேபி. அவர் அன்பாதான் கொடுத்தார்.

உடனே பிள்ளையை இளைக்க வைக்கணும்னு யாரும் இதை எடுத்துக்காதீங்க. வளர்ற பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுங்க. நான் மாத்தினது பையில இருக்கறதை மட்டும்தான். இப்போ வேர்க்கடலை, வாழைப்பழம், சுண்டல், மதியத்துக்குத் தயிர் சாதம், ரெண்டு பாட்டில் தண்ணி. சாக்லேட்டுக்கும் தடை இல்ல. ஆட்டம் எல்லாம் முடிஞ்சு, பஸ்ல, முடிவு எதுவானாலும் ஒண்ணு.

எனக்கு? ரவுண்டு முடிஞ்சதும் கிரவுண்டைச் சுத்தறேன். ஆசிரியர் முன்னாடி, நான் பின்னாடி. டீ ரெண்டா குறைஞ்சிருக்கு, சர்க்கரை இல்லாம. பரோட்டாவை விடல. ஆனா அது இப்போ எனக்குப் பிடிச்ச சாப்பாடு, அவ்வளவுதான். கூலி இல்ல. ஒண்ணரைல நிறுத்திக்கறேன். ஆறு மாசத்துல நாலு கிலோ குறைஞ்சுது. ஹெச்பிஏ1சி 5.8. வாசப்படிலேருந்து இன்னும் இறங்கல, ஆனா உள்பக்கம் திரும்பியிருந்த முகம் இப்போ வெளிப்பக்கம் பார்க்குது.

ரேட்டிங் ஏறிச்சான்னு கேப்பீங்க. இல்ல. அதே 1400தான். ஆறாவது ரவுண்டுல கொட்டாவி மட்டும் வரதில்ல.